வள்ளம் இழுக்க எந்த ஜீப்?

கேள்வி: வள்ளம், எஞ்சின், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து 1,600 கிலோ வருகிறது. கல்முனையிலிருந்து ஒலுவிலுக்கு இழுத்துப் போகப் பழைய பிராடோ வாங்கலாமா, மொன்டெரோவா?
– வாசகர், கல்முனை

பதில்: டீசல் என்றால் இரண்டுமே இழுக்கும். பிறேக் உள்ள ட்ரெய்லருக்கு இவை இழுக்கக்கூடிய அளவு பொதுவாக 2,500 முதல் 3,000 கிலோ. ஆனால் பிறேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோதான். ஆகவே ஜீப்பைத் தேடுமுன் ட்ரெய்லருக்குப் பிறேக் போடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் சேஸியைப் பாருங்கள். கொக்கி பூட்டும் இடத்தில் துரு தின்றிருந்தால் விலை எவ்வளவு மலிந்தாலும் விட்டுவிடுங்கள். 4எல் கியர் (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) விழுகிறதா என்றும் ஓட்டிப் பாருங்கள். ஈர மணலில் வள்ளத்தை மேலே ஏற்றுவது அதுதான். மணலில் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை குறைத்து, தார் ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப நிரப்புங்கள்.

கொக்கியில் மொத்தப் பாரத்தின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 160 கிலோ அளவில் இறங்க வேண்டும். எஞ்சின் பின்னால் தொங்குவதால் முன்பாரம் குறைந்து, வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டும். வள்ளத்தை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளிக் கட்டினால் அடங்கும்.

ஓடிச் சூடான சக்கரத்தை உடனே கடலில் இறக்காதீர்கள். ஹப் (சக்கரத்தின் நடுவில் பெயரிங் இருக்கும் பகுதி) சட்டென்று குளிரும்போது உள்ளே உப்புத்தண்ணீரை உறிஞ்சும். கிறீஸ் பால்போல வெளுத்து, பெயரிங் துருப்பிடிக்கும். கைவைத்துப் பார்த்து, ஆறிய பிறகு, ட்ரெய்லர் லைற் பிளக்கைக் கழற்றிவிட்டு இறக்குங்கள்.