மறுபயன்பாட்டு ஏவூர்திகளின் தரத்தையும் செயல்திறனையும் எப்படி உயர்த்துகிறார்கள்?

திரும்பி வந்த ஊர்தியை எவ்வளவு குறைந்த பழுதுபார்ப்புடன் மீண்டும் ஏவ முடிகிறது என்பதே இதில் முதன்மையான அளவுகோல். அமெரிக்க விண்ணோடம் 1981 முதல் 2011 வரை திரும்பத் திரும்பப் பறந்தாலும், ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் 20,000-க்கும் மேற்பட்ட வெப்பக் காப்பு ஓடுகளைச் சோதிக்க வேண்டியிருந்ததால் எதிர்பார்த்த சிக்கனம் கைகூடவில்லை.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 2015 டிசம்பரில் ஃபால்கன் 9 ஏவூர்தியின் முதல் கட்டத்தை (ஏவும்போது முதலில் எரியும் அடிப்பகுதியை) தரையிறக்கி, 2017 மார்ச்சில் அவ்வாறு மீட்ட ஒன்றை மீண்டும் பறக்கவிட்டது. திரும்பி வந்த பாகங்களில் எவை தேய்ந்தன, எவை கருகின என்று ஆராய்ந்து வடிவமைப்பைத் திருத்தியதுதான் அதன் பலம் என்பேன். வளிமண்டலத்துக்குள் நுழைகையில் வெப்பத்தால் சேதமடைந்த, இறங்கும் திசையைக் கட்டுப்படுத்தும் அலுமினியத் துடுப்புகளுக்குப் பதிலாக, எடை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை என்று, வலைச்சட்ட வடிவிலான டைட்டானியத் துடுப்புகளைப் பொருத்தினார்கள். தரையிறங்குவதற்கென எரிபொருளை ஒதுக்குவதால் சுமைத்திறன் குறைவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இஸ்ரோவும் இதே பாதையில்தான் செல்கிறது. கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் 2023 ஏப்ரலில் தன் இறக்கையுள்ள மறுபயன்பாட்டுச் சோதனை ஊர்திக்கு நடத்திய தரையிறக்கச் சோதனையில் கண்டவற்றைக் கொண்டு அதன் கட்டமைப்பையும் தரையிறங்கு சக்கர அமைப்பையும் வலுப்படுத்தி 2024 மார்ச்சில் சோதித்தது. அதே ஊர்தியை எந்த மாற்றமும் இன்றி ஜூனில் மறுபடியும் தரையிறக்கியது.