ஜப்பானிய ரசிகர்கள் எழுதும் "முரி" வெறுப்பா, பாராட்டா?

பிடித்த பாடகரின் படத்துக்குக் கீழே "முரி" என்று ரசிகர்கள் எழுதினால் அது பாராட்டுதான். நேர்ப்பொருள் "இயலாது, நடக்காது". நம்ம ஊர் "முடியல" மாதிரி. நீட்டிச் சொன்னால் "சுகிசுகிதே முரி": ரொம்பப் பிடித்துப்போய் தாங்க முடியவில்லை. ஆனால் "சினிமாவுக்குப் போகலாமா?" என்று கேட்டு "முரி" என்று மட்டும் பதில் வந்தால் அது முகத்திலடித்த மறுப்பு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதற்கும் ஒரு படி மேலே "தோதொய்". புனிதமானது, மதிப்பு மிக்கது என்று பொருள். வாய் குழறியதுபோல "தேதே" என்றும் எழுதுவார்கள். உச்சம் "தோதொஷி". அந்தச் சொல்லின் பழைய இலக்கண வடிவமே 'ஷி'யில்தான் முடியும். அந்த இடத்தில் சாவைக் குறிக்கும் 'ஷி' என்ற கான்ஜி (ஜப்பானிய மொழியில் வழங்கும் சீன எழுத்து) ஒன்றைப் போட்டுவிட்டால் "அருமை தாங்காமல் செத்தேன்" என்றாகிவிடும். நல்ல சிலேடை!

அழுகைக்கு "பியென்". அகராதி வெளியிடும் சான்செய்தோ நிறுவனம் 2020-இல் இதை ஆண்டின் புதுச்சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. இது செல்லச் சிணுங்கல்தான். சாவுச் செய்திக்குக் கீழே போட்டால் கேலியாகத் தெரியும்.

சிரிப்புக்கு "குசா", அதாவது புல். சிரிப்பைக் குறிக்கும் "வரா"வை ஆங்கில 'டபிள்யூ' எழுத்தாகச் சுருக்கி வரிசையாக அடித்தார்கள். பார்க்கப் புல் முளைத்த மாதிரி இருந்தது.