மருத்துவர் பதில்கள்: கீமோவுக்கு முன் எக்கோ எதற்கு?

கேள்வி: என் தாயாருக்கு வயது 61. எட்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, இதய ரத்தக்குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் சாப்பிட்டு வருகிறார். இப்போது இடது மார்பகத்தில் புற்றுநோய். கீமோவுக்கு நாள் குறித்த பிறகு, எக்கோ (இதயத்தின் ஒலியலைப் பரிசோதனை) எடுத்து இதய மருத்துவரின் ஒப்புதலோடு வரும்படி திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது வீண் தாமதம் அல்லவா? கீமோ முடியும்வரை இதய மாத்திரைகளை நிறுத்திவைக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்து ஓராண்டு நிறைவதற்குள் நிறுத்தினால் அதனுள் ரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரக்கூடும். புற்றுநோயும் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுவது. அதே வேளையில், கீமோவால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும்போது இதே மாத்திரைகள் ரத்தக்கசிவுக்கு வழிவகுக்கலாம். எனவே ஒவ்வொரு சுற்றிலும் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்து, இரண்டையும் தொடர்வதா, ஒன்றை விடுவதா என்பதை இரு மருத்துவர்களும் கலந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டென்ட் வைத்த தேதி உள்ள டிஸ்சார்ஜ் சம்மரியைப் புற்றுநோய்ப் பிரிவின் ஃபைலிலேயே வைத்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது அலமாரியில்தான் கிடக்கிறது.

இனி எக்கோ. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டாக்ஸோரூபிசின் செந்நிறமானது. ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். அது புற்றணுக்களை அழிப்பதோடு இதயத் தசையையும் தாக்குகிறது. இந்தப் பாதிப்பு வாழ்நாளில் ஏற்றிய மொத்த அளவைப் பொறுத்துக் கூடிக்கொண்டே போகும். உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம் சேரும்போது நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்கும், 550 ஆகும்போது 26 பேருக்கும் இதயச் செயலிழப்பு ஏற்பட்டதாக 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. வழக்கமான நான்கு சுற்றுகளில் 240 மில்லிகிராம்தான் சேரும் என்றாலும், மாரடைப்பால் முன்பே நலிந்த இதயத்துக்கு அதுவே பாரமாகலாம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதை எக்கோ காட்டும். அது 50-க்குக் கீழே இருந்தால் டாக்ஸோரூபிசினைத் தவிர்த்து வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க இடமுண்டு. முதல் அளவு கையில் இல்லாமல், பின்னால் குறைந்திருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? ஆகவே இது வீண் தாமதம் அன்று. ஆனால் எக்கோவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கச் சொன்னால், கீமோ நோயாளி என்று சொல்லி முன்னதாகவே நாள் கேளுங்கள்.

இடது மார்பு என்பதால் கதிர்வீச்சின்போதும் கவனம் தேவை. மூச்சை ஆழமாக இழுத்து அடக்கினால் நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச் சுவரிலிருந்து சற்று விலகும். அந்தச் சில விநாடிகளில் மட்டும் கதிரைச் செலுத்தும் முறை உண்டு. உங்கள் மருத்துவமனையில் அவ்வசதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். படுத்தால் மூச்சு வாங்குவதையும் கணுக்கால் வீங்குவதையும் கீமோ அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள்; அவை இதயம் நலிவதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

கேள்வி: குடல் புற்றுநோய்க்குக் கேபசிடபின் மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் என் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. பிறகு எடுத்த ஈ.சி.ஜி. சரியாகவே இருந்தது. மாத்திரையைத் தொடரலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: மருத்துவரைப் பார்க்கும்வரை அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காதீர்கள், இன்றே அவரிடம் சொல்லுங்கள். இம்மருந்து சிலருக்கு இதய ரத்தக்குழாயைத் திடீரென்று சுருங்கச் செய்யும். குழாயில் அடைப்பு இல்லாதவர்களுக்கும் இது நேரலாம். சுருக்கம் விலகிவிட்டால் ஈ.சி.ஜி.யும் இயல்பாகிவிடும் என்பதால், வலி நின்றபின் எடுத்ததை வைத்து நிம்மதி அடைய முடியாது. மீண்டும் வலித்தால் காத்திராமல், வலி இருக்கும்போதே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.