ஞானப்பல்லுக்கு சர்ஜன் எதற்கு?

தங்கச்சிமடம் சகோதரருக்கு வணக்கம். மனைவியின் கீழ் ஞானப்பல் படுத்தவாக்கில் இருக்கிறது, உள்ளூர்ப் பல் டாக்டர் "ராமநாதபுரத்திலோ மதுரையிலோ சர்ஜனைப் பாருங்கள்" என்கிறார், அவருக்குத் தொழில் தெரியாதா என்று கேட்டிருந்தீர்கள். தெரிந்ததால்தான் அனுப்புகிறார்.

பல் டாக்டர் பட்டமான பி.டி.எஸ். பயிற்சியோடு சேர்த்து 5 வருடம். பல் அடைக்க, வேர் சிகிச்சை செய்ய, நேராக முளைத்த பல்லைப் பிடுங்க அது போதும். அதற்கு மேல் 3 வருடம், எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பில் வாய், முக அறுவை சிகிச்சை படித்தவர்தான் சர்ஜன். தாடை முறிவு, கட்டி, ஈறைக் கீறி எலும்பைச் செதுக்கிப் பல்லைத் துண்டாக்கி எடுப்பது எல்லாம் அவர் கை பழகிய வேலை.

கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று ஓடுகிறது. சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அதை ஒட்டியே இருக்கும். என் தம்பிக்கு எடுக்கும்முன் சர்ஜன் ஓ.பி.ஜி. என்ற முழுத் தாடை எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து அந்த இடத்தை விரலால் காட்டினார். அப்படியும் ஆறு வாரம் உதடு மரத்தே கிடந்தது. டீ ஒழுகினால்கூட அவனுக்குத் தெரியாது. அப்புறம் சரியாகிவிட்டது.

ஓ.பி.ஜி. எடுத்திருந்தால் கையோடு கொண்டுபோங்கள். பலகையில் எம்.டி.எஸ். என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள்; பல்லுக்குக் கம்பி போடுபவரும் எம்.டி.எஸ்.தான். எந்தப் பிரிவு என்று கேளுங்கள். காய்ச்சலோடு கன்னம் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால் மதுரை வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.