குளத்து மீனை முழுதாகப் பொரிப்பதா, முள் நீக்கிச் சதையாகப் பொரிப்பதா?

மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளப் பக்கமிருந்து வாங்கி வரும் திலாப்பியா முழுதாகப் பொரிக்கும்போது தாச்சியில் ஒட்டிக்கொள்கிறது, நடுமுள்ளின் அருகே வேகாமல் நிற்கிறது, போதாக்குறைக்கு மண் வாடையும் வீசுகிறது என்று எழுதி, சதையை மட்டும் சீவிப் பொரித்தால் இவை தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மீன் உங்கள் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது, அதாவது கால் கிலோ அளவு என்றால், அதை முழுதாகவே பொரியுங்கள். திலாப்பியாவில் சீவி எடுக்கக்கூடிய சதை மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கால் கிலோ மீனில் அது ஒரு சிறுபிள்ளைக்குக்கூடக் காணாது. முக்கால் கிலோவுக்கு மேற்பட்ட மீன் கிடைத்தால், அல்லது வீட்டில் முள்ளுக்குப் பயப்படும் பிள்ளைகளோ வயதானவர்களோ இருந்தால், சீவுவதில் பொருள் உண்டு. ஒட்டுவதும் வேகாமல் நிற்பதும் மீனை முழுதாகப் பொரிப்பதால் வருபவை அல்ல, பொரிப்பதற்கு முன் செய்யும் வேலையில் ஏற்படும் குறைகள்.

முதலில் மண் வாடையைப் பார்ப்போம். குளத்து நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகளும் சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. அது மீனின் செவுள் வழியாக உட்சென்று கொழுப்பில் தங்குகிறது. ஆகவே வாடை தோலை ஒட்டியும் வயிற்றுப் பக்கத்துக் கொழுப்பிலும், பக்கவாட்டில் நீளமாக ஓடும் சிவந்த சதையிலும் மிகுதியாக இருக்கும். வெயில் காலத்தில் குளம் வற்றிப் பாசி பிடித்து நிற்கும்போது பிடித்த மீனில் இது தூக்கலாகத் தெரியும். மாரி மழையில் குளம் நிரம்பியபின் வரும் மீனில் அவ்வளவாக இராது. வாவியின் உவர்நீரில் பிடிபடும் திலாப்பியா என் நாவுக்கு இன்னும் சுத்தமாகவே படுகிறது. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆபிரிக்க மீனை இன்றைக்கும் இரண்டாந்தரமாகப் பார்க்கும் பழைய ஆட்கள் இங்கே உண்டு. அவர்களுடைய முறைப்பாட்டில் பாதி, வயிற்றைச் சரியாகத் துப்புரவாக்காத மீனைப் பற்றியது என்பது என் எண்ணம்.

துப்புரவாக்கும்போது முதலில் முதுகுச் செட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். அதிலுள்ள முட்கள் ஊசிபோல ஏறும், ஏறிய இடம் இரண்டு நாளைக்குக் கடுக்கும். வாலை உப்புத் தொட்ட விரலால் பிடித்துக்கொண்டு, கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலையை நோக்கிச் செதிலைச் சுரண்ட வேண்டும். ஒரு சட்டி நீருக்குள் வைத்துச் சுரண்டினால் செதில் குசினி முழுவதும் பறக்காது. வயிற்றைக் கழிவாயிலிருந்து தொண்டை வரைக்கும் மேலாகக் கீறுங்கள். கத்தி ஆழமாக இறங்கிப் பித்தப்பை உடைந்தால் பச்சை நீர் பட்ட இடமெல்லாம் கசந்துவிடும், அந்தச் சதையை வெட்டி எறிவதே நல்லது. செவுளையும் குடலையும் ஒன்றாக இழுத்து எடுத்தபின் பலர் அத்துடன் கழுவி முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் வேலை பாதியில் நிற்கிறது. வயிற்றின் உட்சுவரில் கருஞ்சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும், அதைக் கல்லுப்பு வைத்துத் தேய்த்தால் உரிந்து வரும். நடுமுள்ளின் அடியில் உறைந்த இரத்தம்போல் நீளமாக ஓடும் பகுதியைக் கரண்டிக் காம்பாலோ பெருவிரல் நகத்தாலோ வழித்தெடுக்க வேண்டும். வயிற்றோரத்து மஞ்சள் கொழுப்பையும் விட்டுவைக்காதீர்கள்.

இதன்பின் தேசிக்காய்ப் புளியும் உப்பும் கலந்து பதினைந்து நிமிடம் ஊறவைத்துக் கழுவினால், எஞ்சிய வாடையில் பெரும்பகுதி அடங்கிவிடும். நேரத்தைக் கூட்டினால் இன்னும் நன்றாகும் என்று எண்ண வேண்டாம், புளி சதையை வெளுக்கச் செய்து, பொரிக்கும்போது உதிரவிடும். சதையாகச் சீவினால் வாடை குறையுமா என்ற உங்கள் கேள்விக்கு விடை, தோலையும் உரித்து, பக்கத்துச் சிவந்த சதையையும் வெட்டி நீக்கினால் குறையும் என்பதுதான்.

நடுமுள்ளருகே வேகாமல் நிற்பதற்கு மருந்து, இரு பக்கமும் மூன்று அல்லது நான்கு சாய்ந்த கீறல்கள், கத்தி முள்ளில் முட்டும்வரை. மேலோட்டமாகக் கோடு போடுவதால் பயனில்லை. திலாப்பியாவின் சதைக்குள் எங்கும் பரவலாகப் புதைந்த நுண்முட்கள் இல்லை. அதே குளத்தில் கிடைக்கும் கட்லா, ரோகு போன்றவற்றில் கவருள்ள நுண்முட்கள் சதைக்குள்ளேயே கிடப்பதால், அவற்றுக்குக் கீறல்களை நெருக்கமாக இடவேண்டும். சூடான எண்ணெய் அவற்றினூடே இறங்கி நறுக்குண்ட முட்களை மொறுமொறுப்பாக்கிவிடும்.

அரைக் கிலோ மீனுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் மிளகு, இடித்த உள்ளி நான்கு பல்லு போதும். கீறல்களுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் பூசி அரை மணித்தியாலம் வையுங்கள். உப்பு இழுத்த நீர் தட்டில் தேங்கி நிற்கும். அந்த நீரோடு மீனைத் தாச்சியில் இடுவதுதான் ஒட்டுவதற்கு முதற் காரணம், ஏனெனில் நீர் ஆவியாகி முடியும்வரை மேற்பரப்பு பொரியாமல் அவிகிறது, அவிந்த தோல் இரும்பைப் பற்றிக்கொள்கிறது. நீரை வடித்து, ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, அரிசி மாவை மெல்லிய தூசியாகத் தூவினால் போதும். தடிப்பாக மா பூசிப் பொரிப்பது எனக்கு உடன்பாடில்லை, மீனின் சுவை மாவுக்குள் போய்விடுகிறது.

தாச்சி முதலில் காய வேண்டும், பிறகு மீனின் பாதித் தடிப்புக்குத் தேங்காயெண்ணெய் ஊற்றிக் காயவிட வேண்டும். ஒரு கறிவேப்பிலையைப் போட்டதும் சடசடத்தால் எண்ணெய் பதம், புகை கிளம்பினால் கூடிவிட்டது. மீனை உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து இறக்கி, நடுத்தர நெருப்பில் ஐந்தாறு நிமிடம் தொடாமல் விடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமாகி மொறுகியதும் மீன் தானாகவே தாச்சியை விட்டு அசையும், அதற்கு முன் அகப்பையால் கிண்டினால் தோல் கிழிந்து தாச்சியிலேயே தங்கும். மறுபக்கமும் அவ்வளவு நேரமே. தலைக்குப் பின்னால் தடித்த இடத்தில் சதை ஊடுருவித் தெரியாமல் வெளுத்து, முள்ளை விட்டு இலகுவாகக் கழன்றால் வெந்துவிட்டது. நெருப்பைக் கூட்டி அவசரப்பட்டால் மிளகாய்த்தூள் கருகி உள்ளே பச்சையாக நிற்கும், நீங்கள் சொல்வது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

பெரிய மீனைச் சீவுவதாயின் குடல் எடுக்கவே தேவையில்லை. செவுளுக்குப் பின்னால் நடுமுள் வரை சாய்த்து வெட்டி, முதுகு முள்ளை ஒட்டியே கத்தியை வால்வரை வழுக்கிவிட்டு, விலா எலும்பின்மேல் சதையை உரித்தெடுங்கள். சதையின் முன்பகுதியில் ஒரே வரிசையாகச் சில முட்கள் நிற்கும், விரலால் தடவினால் தெரியும், அந்தக் கீற்றை வெட்டி நீக்கிவிடலாம். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் பொரித்தால் போதும். தோலோடு பொரிப்பவர்கள் தோற்பக்கத்தை முதலில் இட்டு, அது சுருளாதபடி தட்டையான அகப்பையால் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்து ஒரு மணித்தியாலமும் ஆகாத மீன் தாச்சியில் வளைந்து சுருங்கும், அதைச் சில மணித்தியாலம் ஐஸில் வைத்துவிட்டுப் பொரிப்பது நல்லது. தலையையும் நடுமுள்ளையும் எறியாமல் சொதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றோடு ஒட்டியிருக்கும் செவுளையும் குடலையும் மறவாமல் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சொதி கசக்கும்.

பொரித்த மீனை மூடிய சட்டியில் அடுக்கினால் தன் ஆவியிலேயே நனைந்து மொறுமொறுப்பு போய்விடும், சல்லடையில் பரப்பி வையுங்கள். மிஞ்சிய எண்ணெயை வடித்து இன்னொரு முறை மீனுக்கு மட்டும் பாவிக்கலாம்.