பகலில் கழற்றி வைத்தால் பல் நகருமா?

கேள்வி: எனக்கு வயது 26. சொந்த ஊர் குடியாத்தம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. மேல்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்ததால் கிளிப் போடுவதற்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாத அலைனர் (பல்லை நகர்த்தும், கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) போட்டுக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 18 செட், பத்து நாளுக்கு ஒரு செட். இப்போது ஏழாவது. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ். டீ, சாப்பாடு என்று அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதாலும், போட்டுக்கொண்டு பேசினால் நாக்கு குழறுவதாலும் பகலில் கழற்றி வைத்துவிட்டு இரவில்தான் போடுகிறேன். ஒவ்வொரு இரவும் போடும்போது வலிக்கிறது. ஏழாவது செட் ஒரு பல்லில் சரியாக உட்காராமல் இடைவெளி தெரிகிறது. எட்டாவதைப் போட்டால் சரியாகிவிடுமா? தை மாதம் எனக்குத் திருமணம். மருத்துவரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: எட்டாவது செட்டைத் தொடாதீர்கள். முதலில் சொல்ல வேண்டியது இதுதான். ஏழாவது உட்காராத வாயில் எட்டாவது இன்னும் மோசமாகத்தான் உட்காரும். ஒவ்வொரு செட்டும் முந்தைய செட் விட்ட இடத்திலிருந்து பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நகர்த்தும்படி செய்யப்பட்டது. பல் அந்த இடத்துக்கே வந்து சேரவில்லை என்றால் அடுத்த செட்டுக்குப் பிடிமானமே இருக்காது. பிளாஸ்டிக் வளையும், விரியும், பல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

உங்கள் கடிதத்தை வைத்து மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். மாலை ஏழு மணிக்குப் போட்டு, இரவுச் சாப்பாட்டுக்குக் கழற்றி, காலை ஆறு மணிக்கு எடுத்துவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். பத்து நாளில் நூறு மணி நேரம். அந்தச் செட் கேட்பதோ நாளைக்கு 22 மணி நேரம் வீதம் 220. பாதிகூட ஆகவில்லை. இடைவெளி தெரிவதில் வியப்பே இல்லை.

பாதி நேரம் போட்டால் பாதி தூரமாவது நகராதா என்று கேட்கலாம். நகராது. பல் எலும்பில் நேரடியாகப் புதைந்து நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. அலைனர் அழுத்தும் பக்கம் அந்தத் திசு நசுங்கி, எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே வந்து சேரும். எதிர்ப்பக்கம் திசு இழுபட்டு, புது எலும்பு படியும். 1904-லேயே சுவீடன் நாட்டு மருத்துவர் கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களின் பற்களில் இதை நுண்ணோக்கி வழியாகக் காட்டினார். இந்த வேலை ஒரு மணி நேரத்தில் தொடங்கி முடிவதில்லை. அழுத்தம் விடாமல் தொடர்ந்தால்தான் செல்கள் திரண்டு வரும். பகல் முழுவதும் அழுத்தம் இல்லையென்றால் இழுபட்ட நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே திருப்பி இழுக்கும், இரவில் மறுபடி முதலிலிருந்து.

உங்கள் தொழிலில் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். லாஸ்ட் என்னும் கால் வடிவ அச்சின் மேல் இழுத்துப் பொருத்திய தோலை நேரம் ஆவதற்குள் கழற்றினால் ஷூவின் வடிவம் நிற்காது. தோலாவது உயிரற்றது, ஒரே தடவையில் படிந்துவிடும். எலும்பு உயிருள்ளது, அதை அவசரப்படுத்த வழியில்லை.

இரவு தோறும் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வலிதான் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஒழுங்காகப் போடுபவர்களுக்குப் புதுச் செட் மாற்றிய முதல் இரண்டு மூன்று நாள் இறுக்கமாக இருக்கும், பிறகு போட்டிருப்பதே மறந்துபோகும். பத்தாம் நாளும் வலிக்கிறது என்றால் பல் தினமும் பின்வாங்குகிறது, நீங்கள் தினமும் அதைத் தள்ளுகிறீர்கள். இந்தப் போக்குவரத்து பல்லின் வேருக்கும் நல்லதல்ல.

இடைவெளி எந்தப் பல்லில் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. முன்பல் இரண்டுக்கும் பக்கத்தில் இருக்கும் சிறிய வெட்டுப்பல் என்றால் அஞ்ச வேண்டாம். சிறியது, வழவழப்பானது, அலைனருக்கு எளிதில் பிடி கொடுக்காது. ஒழுங்காகப் போடுபவர்களுக்கே அங்கேதான் முதலில் இடைவெளி தெரியும்.

இனி செய்ய வேண்டியது. ஏழாவது செட்டையே மேலும் ஒரு வாரம், உண்மையாகவே 22 மணி நேரம் போடுங்கள். மருத்துவமனையில் மெத்தென்ற சிறு உருளை ஒன்று கொடுத்திருப்பார்கள், சூயி என்பார்கள். அதை இடைவெளி உள்ள பல்லின் மேல் வைத்து, கடித்துப் பிடித்து விடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று வேளை போதும். ஏழாவது உள்ளேயே போகவில்லை என்றால் ஆறாவதை எடுத்துப் போடுங்கள். பழைய செட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். இரண்டில் எதுவானாலும் தொடங்குவதற்கு முன் உங்கள் மருத்துவருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.

அவரிடம் மணிக்கணக்கை மறைக்கவே மறைக்காதீர்கள் அம்மா. நீங்கள் இருபது மணி நேரம் போடுகிறேன் என்று சொன்னால் அவர் அதை நம்புவார். நம்பினால், ஒழுங்காகப் போட்டும் பல் ஏன் நகரவில்லை என்று வேறு காரணம் தேடுவார். வேர் எலும்போடு ஒட்டிவிட்டதோ என்று எக்ஸ்ரே எடுப்பார், திட்டத்தையே மாற்றுவார், புதுச் செட்டுக்கு அளவு எடுப்பார். செலவும் காலமும் உங்களுடையது. பத்து மணி நேரம்தான் போட்டேன் என்று சொன்னால், போய் ஒழுங்காகப் போட்டுவிட்டு வாருங்கள் என்பதோடு முடிந்துவிடும். இதற்காகத் திட்டும் மருத்துவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

கம்பெனியில் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் உண்மையான சிக்கல். வேலூர்ப் பக்கத்தில் இந்தச் சிகிச்சை எடுப்பவர்களில் பலர் தடுமாறுவது சாப்பாட்டில் அல்ல, டீயில். அலைனரோடு டீ குடித்தால் சர்க்கரை உள்ளே தேங்கி நிற்கும், உமிழ்நீர் வந்து கழுவாது, சொத்தை விழும். கறையும் ஏறும், சூட்டில் பிளாஸ்டிக்கும் வளையும். ஆகவே கழற்றத்தான் வேண்டும். கழற்றினால் பல் துலக்கிவிட்டுத்தான் போட வேண்டும் என்று நினைத்து, துலக்க வசதியில்லாமல் மாலை வரை டப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் துலக்க வேண்டியதில்லை. நன்றாக வாய் கொப்பளித்து, அலைனரைச் சாதாரணத் தண்ணீரில் அலசிப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுக்கு வந்ததும் துலக்கலாம். காலை டீயையும் பலகாரத்தையும் ஒரே மூச்சில் வீட்டில் முடித்து, பஸ் ஏறும் முன் போட்டுவிடுங்கள். பதினொரு மணி டீயை விட முடியுமானால் விட்டுவிடுங்கள். முடியாவிட்டால் பத்து நிமிடத்தில் குடித்து, கொப்பளித்து, திரும்பப் போடுங்கள். வெறும் தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம்.

பசையும் தோல் தூசும் படும் வேலை உங்களுடையது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வாயில் கை வைக்க வேண்டாம். கழற்றும்போது முன்பல் பக்கம் பிடித்து இழுத்தால் விரிசல் விடும். கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் விரல் நுனியைக் கொடுத்து, ஒரு பக்கம் தளர்த்தி, பிறகு மறுபக்கம். எடுத்ததும் டப்பாவுக்குள்தான் போக வேண்டும். டிஷ்யூ பேப்பரில் மடித்து வைத்த அலைனர் இலையோடு குப்பைக்குப் போன கதை எங்கள் கிளினிக்கில் அடிக்கடி கேட்பது. நம் ஊர் வெயிலில் வண்டி சீட்டுக்கு அடியிலும் வைக்க வேண்டாம்.

பேச்சுக் குழறலுக்கும் மருந்து, அலைனரைப் போட்டிருப்பதுதான். இரவில் மட்டும் போட்டால் நாக்குக்குப் பழக வாய்ப்பே கிடைப்பதில்லை. பகலெல்லாம் போட்டிருந்தால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். வீட்டில் செய்தித்தாளை உரக்கப் படித்தால் இன்னும் சீக்கிரம்.

திருமணத்தைப் பற்றி. இப்போது ஆடி. மீதமுள்ள 11 செட்டுக்கு 110 நாள், பின்தங்கியதைச் சரிக்கட்ட இரண்டு வாரம். தைக்குள் கணக்கு இடம் கொடுக்கிறது, ஆனால் நடுவில் மறுபடி அளவெடுக்க நேர்ந்தால் தள்ளிப்போகும். முடியாவிட்டாலும் குடி முழுகிவிடாது. முகூர்த்தத்துக்கும் புகைப்படத்துக்கும் பிரியாணி விருந்துக்கும் கழற்றிவிட்டு இரவில் போட்டுக்கொண்டால் அந்த ஒரு நாளால் எதுவும் கெடாது. விருந்தும் மறுவீடும் முடியும்வரை ஒரு வாரம் டப்பாவிலேயே கிடந்தால்தான் கெடும். வருங்கால மாமியார் வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள், ஒளித்து ஒளித்துப் போட வேண்டியிருக்காது.

ஈறில் புண், தாங்க முடியாத வலி, பல் கையால் தொட்டால் நன்றாக ஆடுவது, இவற்றில் எது இருந்தாலும் தேதிக்குக் காத்திராமல் போய்க் காட்டுங்கள். லேசான ஆட்டம் நகரும் பல்லுக்கு இயல்பு.

18 செட் முடிந்த பிறகு, நகர்ந்த பல்லை அதே இடத்தில் நிறுத்திவைக்கும் ரிடெய்னர் உண்டு. ஈறு நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருடம் வரை ஆகும். முதல் சில மாதம் மருத்துவர் சொல்லும்படி பெரும்பாலான நேரமும், பிறகு ஆண்டுக்கணக்கில் இரவிலும் போட வேண்டிவரும். நீங்கள் கட்டியிருக்கும் தொகையில் ரிடெய்னர் அடக்கமா, உடைந்தால் மாற்றுக்கு எவ்வளவு என்பதை இந்த முறை போகும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.