சந்தா முறைக்கு மாறும் தனி மென்பொருள் உருவாக்குநரைக் குறை சொல்லலாமா?

ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய செயலி பின்னர் சந்தாவுக்கு மாறினால் அது பயனருக்கு அநீதியா என்பது கேள்வி. மாறுவதில் தவறில்லை, ஏற்கெனவே வாங்கியவரிடமிருந்து அவர் வாங்கிய வசதிகளைப் பறிப்பதுதான் தவறு.

தனியாளாக மென்பொருள் எழுதுபவரின் செலவு விற்பனையோடு முடிவதில்லை. இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம், பழைய நிரல் செயலிழக்காமல் இருப்பதற்கே அவர் உழைக்க வேண்டியிருக்கிறது; ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் விற்பவர் ஆண்டுக்கு 99 டாலர் உறுப்பினர் கட்டணத்தோடு விற்பனையில் ஒரு பங்கையும் தர வேண்டும். நெடுங்காலம் 30 விழுக்காடாக இருந்த அந்தப் பங்கு, ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்கு மிகாத உருவாக்குநர்களுக்கு 2021 முதல் 15 விழுக்காடாகக் குறைந்தது. செயலியைத் தொடர்ந்து பராமரிக்கும் செலவின் சுமை முழுவதும் பயனர் தலையில்தான் விழ வேண்டும் என்பதில்லை என்பதற்கு இது சான்று.

எனக்கு மிகவும் ஏற்புடையதாகத் தோன்றுவது, நிரலாளர்களுக்கான மென்பொருள் கருவிகளை விற்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் கண்ட வழி. 2015இல் சந்தா முறையை அறிவித்தபோது எழுந்த கடும் எதிர்ப்புக்குப் பின், ஓராண்டு தொடர்ந்து சந்தா செலுத்தியவர் பிறகு நிறுத்திவிட்டாலும், அந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்த பதிப்பை என்றென்றும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தை அந்நிறுவனம் சேர்த்தது. அது சிறிய நிறுவனமன்று. ஆனால் இந்த ஏற்பாடு ஒற்றை ஆளுக்கும் பொருந்தும்.

உருவாக்குநரின் சேவையகத்தை நம்பி இயங்கும் செயலிக்கு இது கைகூடாது. அங்கே, பயனர் தம் தரவுகளைப் பொதுவான கோப்பு வடிவில் எடுத்துச் செல்லும் வசதி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். இணையம் வழியே உரிமத்தைச் சரிபார்க்கும் செயலியானால், அதைக் கைவிடும்போது அந்தச் சரிபார்ப்பை நீக்கிய கடைசிப் பதிப்பொன்றை வெளியிடுவதும் உருவாக்குநரின் கடமையே.